கோரையை அறுத்தவள் எந்தக் கணக்கிலும் இல்லை

ஏரியில் மண்டிய கோரையையும் சம்பையும் நாணலையும் அறுத்து எரிபொருளாக்கலாம், ஏரி தூர்ந்துபோகாமல் காக்கலாம், நிலக்கரியும் மிச்சமாகும். சில ஆண்டுகளாக இந்தப் பேச்சு அரசு அறைகளிலும் ஆய்வுக் கூட்டங்களிலும் கேட்கிறது. யோசனையில் தவறில்லை. இதை ஒரு புதுக் கண்டுபிடிப்பாகச் சொல்வதில்தான் தவறு. சின்னசேலம் வட்டாரத்து ஏரிகளில் புல்லையும் புதரையும் அறுத்து, காயவைத்து, கட்டிச் சுமந்து, எரித்து வாழ்ந்த பெண்கள் என் வீட்டிலேயே மூன்று தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தபோது அதற்குப் பெயர் விறகு பொறுக்குவது. ஒரு நிறுவனம் இயந்திரத்தோடு வந்து செய்தால் அதற்குப் பெயர் சூழலியல் மேலாண்மை. இந்தப் பெயர் மாற்றத்தில் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு எது போகிறது? அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

முதலில், இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியா, பின்லாந்து, சுவீடன், வட ஜெர்மனி நாடுகளில், ஆள் உயரத்துக்கு மேல் வளரும் நாணல் கரையெங்கும் பரந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கரைகள் மேய்ச்சல் நிலங்கள். மாடுகள் மேய்ந்தவரை நாணல் அடங்கியிருந்தது. கால்நடை வளர்ப்பு குறைந்தது. வயல்களின் உரம் ஆற்றோடு கடலில் சேர்ந்தது. நாணல் எழும்பிவிட்டது. கடலோரப் புல்வெளியில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. எனவே அறுக்கிறார்கள். குளிர்காலத்தில் நீர் உறைந்து, தண்டு காய்ந்து நிற்கும்போது அறுத்தால் ஈரம் குறைவு, அப்படியே எரிக்கலாம். காய்ந்த நாணல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 17 மெகாஜூல் வெப்பம் தரும். நம் நாட்டு நிலக்கரி பலவற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜெர்மனியின் மால்ஷின் என்ற சிற்றூரில், ஈரநிலத்துப் புல்லை எரித்து வீடுகளுக்கு வெந்நீரும் வெப்பமும் தரும் நிலையம் 2014இலிருந்து ஓடுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கோடையில் பச்சையாக அறுத்தால், தண்டிலும் இலையிலும் ஏறியிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரைவிட்டு வெளியேறும், நீர் சுத்தமாகும். ஆனால் பச்சைப் புல் எரியாது, காயவைக்க வேண்டும். குளிர்காலத்தில் அறுத்தால் எரிக்க எளிது. ஆனால் அதற்குள் சத்தின் பெரும்பகுதி வேருக்கு இறங்கிவிட்டிருக்கும். எரிபொருள் வேண்டுமா, நீர் சுத்தமாக வேண்டுமா என்று அங்கே விவாதம் நடக்கிறது.

எங்கள் ஊரில் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. இங்கே பங்குனி, சித்திரையில் ஏரி வற்றத் தொடங்கும்போது சம்பு பச்சையாகத்தான் நிற்கும். அறுத்துக் கரையில் பரப்பினால் சித்திரை வெயில் நாலே நாளில் சருகாக்கிவிடும். சத்தும் நீரைவிட்டு வெளியேறும், எரிபொருளும் கிடைக்கும். பனிக்கட்டியை நம்பும் நாட்டில் ஒன்றை விட்டால்தான் ஒன்று. வெயிலை நம்பும் நாட்டில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். இதை எங்கள் பெண்கள் ஆய்வேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியமானது. பால்டிக் கரையில் நாணலை அறுத்து வாழ்ந்தவர்களும் மேய்த்தவர்களும் பெரும்பாலும் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அங்கே நாணல், கேட்பாரற்ற பொருள். இங்கே அப்படியில்லை. எங்கள் ஏரியில் ஒவ்வொரு புதருக்கும் ஒருத்தி இருக்கிறாள். கோரையை மாட்டுக்கும் பாய்க்கும் அறுப்பவள் ஒருத்தி. சம்பைக் கூரைக்கும் வேலிக்கும் எடுப்பவள் ஒருத்தி. சீமைக் கருவேலத்தைக் கொடுவாளால் கழித்து விறகாக்குபவள் ஒருத்தி. அவள் இருப்பதே தெரியாமல் அங்கிருந்து ஒரு திட்டத்தைப் பெயர்த்து இங்கே நட்டால், அது அவள் வயிற்றின் மேல்தான் நடப்படும்.

தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. எங்கள் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கரும்பிலும் மரவள்ளியிலும் கொட்டும் யூரியாவும் டிஏபியும் மழையில் கரைந்து, முதலில் ஏரியில் தங்கும், பிறகு வாய்க்கால் வழியே கடலோரக் கழிமுகம்வரை போகும். ஏரியில் சம்பு தழைப்பது அந்த உரத்தைத் தின்றுதான். ஒரு கட்டுச் சம்பை அறுத்துக் கரையேற்றுகிறவள், பரங்கிப்பேட்டை மீனவருக்கும் சேர்த்து ஒரு வேலை செய்கிறாள். அவளுக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவளுக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுத்ததும் கிடையாது. ஐரோப்பாவில் இந்த வேலைக்குச் 'சூழல் சேவை' என்று பெயர்வைத்து மானியம் தருகிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று அறியாதவர்கள்தான் அதை ஒற்றைச் சொல்லில் கடந்துபோகிறார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்க வேண்டும். சம்பின் ஓரம் கத்திபோல அறுக்கும். அட்டை ஏறும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். கருவேல முள் உள்ளங்காலில் ஒடிந்து தங்கினால் சீழ் வைத்து வாரக்கணக்கில் நடக்க முடியாது. அறுத்ததைக் கரைக்கு இழுக்க வேண்டும், பரப்ப வேண்டும், புரட்டிப்போட வேண்டும், மழை வந்தால் ஓடிவந்து அள்ள வேண்டும், கட்ட வேண்டும், சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றி வீடுவரை நடக்க வேண்டும். என் ஆயாவின் உச்சந்தலையில் ஒரு வட்டத்துக்கு முடியே முளைத்ததில்லை. திட்ட அறிக்கைகள் இவ்வளவையும் 'மூலப்பொருள் சேகரிப்பு' என்ற இரண்டு சொற்களில் முடித்துக்கொள்கின்றன. கொதிகலனுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகின்றன.

அரசின் கணக்கில் இவளுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் 93. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வேலைநிலையைப் பதியும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு தருகிறது. வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுவேலையோடு காய், கிழங்கு, விறகு, மாட்டுத்தீனி போன்றவற்றை இலவசமாகச் சேகரிப்பவருக்கு, தைப்பவருக்கு, முடைபவருக்கு 93. இரண்டு குறியீடுகளுமே 'உழைப்பாளர் படை'க்கு வெளியே. அதாவது இடுப்பளவு சேற்றில் நாள் முழுக்க நின்றவள், அரசின் கண்ணில் வேலை செய்யாதவள். அதே ஏரியில் இயந்திரத்தில் உட்கார்ந்து அதே சம்பை அறுக்கும் ஆண், வேலை செய்பவன். புல் ஒன்று, ஏரி ஒன்று, எரியும் நெருப்பும் ஒன்று. கூலி இருக்கிறதா என்பதை வைத்து ஒருவரின் உழைப்பு உழைப்பாகிறது, இன்னொருவரின் உழைப்பு பொழுதுபோக்காகிறது. 'இலவசமாகச் சேகரிப்பது' என்கிறார்கள். யாருக்கு இலவசம்? அவள் முதுகெலும்பு இலவசமா?

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்றது. ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஆக அரசுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஒரு கணக்கெடுப்பில் எண்ணுகிறது, இன்னொரு கணக்கெடுப்பில் வெளியே நிறுத்துகிறது. திட்டம் தீட்டும்போது எந்தக் கணக்கு மேசைக்கு வருகிறது என்பதுதான் அரசியல்.

மேசைக்கு வருவது 'தரிசு' என்ற சொல். இந்தச் சொல்லை நாம் நன்றாக அறிவோம். பிள்ளை பெறாத பெண்ணை மலடி என்ற அதே வாய்தான், வரி தராத நிலத்தைத் தரிசு என்றது. இரண்டிலும், தனக்குப் பயன்படவில்லை என்றால் யாருக்குமே பயன்படவில்லை என்ற திமிர் இருக்கிறது. இந்தச் சொல்லை நம்பி ஒரு முறை நாடு மோசம்போயிருக்கிறது. 2003இல் திட்டக் குழுவின் அறிக்கை, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு பயிரிட்டு டீசல் எடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் ஊக்குவித்தார்கள். கோவையிலும் நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையிலும் ஆய்வு செய்து 2010இல் எழுதியவர்கள், சொன்ன விளைச்சலுக்கு அருகில்கூட வரவில்லை, வசதியுள்ள விவசாயிக்கே அது ஏதோ சாதகம், சிறு விவசாயிக்கு நட்டம் என்று காட்டினார்கள்.

அதைவிடக் கூர்மையான உண்மை சாத்தூரிலிருந்து வந்தது. அங்கே காட்டாமணக்குக்காக 'வெற்றுநிலம்' என்று குறிக்கப்பட்ட இடங்களில் உண்மையில் சீமைக் கருவேலம் நின்றது. அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்று ஒரு பொருளாதாரமே நடந்துகொண்டிருந்தது. ஜெனிபர் பாக்காவும் ராபர்ட் பெய்லிஸும் இரண்டையும் ஆற்றல் கணக்கில் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். காட்டாமணக்கு டீசல் தரக்கூடியதைப்போல் 2.5 முதல் 10.3 மடங்குவரை பயனுள்ள ஆற்றலைக் கருவேலப் பொருளாதாரம் ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. அதாவது ஆற்றல் என்ற பெயரால், அதிக ஆற்றல் தரும் ஒன்றை அழித்துவிட்டுக் குறைந்த ஆற்றல் தரும் ஒன்றை நடப் பார்த்தார்கள். அது ஏன் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை? அங்கே வெட்டியவர்களும் கரிமூட்டம் போட்டவர்களும் ஏழைகள். ஏழைகள் கையில் இருக்கும் வரை அது எரிசக்தி ஆகாது, வெறும் விறகு.

சீமைக் கருவேலத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது ஏரியை அடைக்கிறது, நாட்டு மரங்களை எழும்பவிடுவதில்லை. அகற்ற வேண்டும். உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கையும் வகுத்திருக்கிறது. என் கேள்வி, அகற்றும்போது விற்கிற காசு யாருக்கு என்பது. இப்போதைய வழக்கம் ஏலம். ஏலம் எடுப்பவர் ஒப்பந்தக்காரர். முன்பணம் கட்ட அவரிடம் காசிருக்கிறது, லாரி இருக்கிறது, அலுவலகத்தில் ஆள் தெரியும். ஏலம் முடிந்த மறுநாள், நேற்றுவரை அங்கே விறகு வெட்டியவள் திருடியாகிவிடுகிறாள். அல்லது அவரிடமே கூலிக்கு வெட்டப் போகிறாள்.

இந்தச் சந்தை இனி பெருகத்தான் போகிறது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு தாவரக் கழிவு உருண்டைகளைச் சேர்த்து எரிக்க வேண்டும், பிறகு அதை 7 விழுக்காடாக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021இல் கொள்கை வகுத்தது. அந்த உருண்டைக்கு எங்கோ புல் வேண்டும். சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் எரிக்க ஏதாவது வேண்டும். விலை ஏறும். விலையில்லாதவரை பெண்ணிடம் விட்டுவைத்த பொருளை, விலை வந்ததும் ஆண் எடுத்துக்கொள்வது நம் ஊரில் நெல் அரைப்பதிலிருந்து பால் கறப்பதுவரை பார்த்த கதை.

விலை வந்தபின் அரசு யார் பக்கம் நிற்கும் என்பதற்குக் கேரளத்தின் மாவூர் ஒரு பாடம். அங்கே வந்த ரேயான் கூழ் ஆலைக்குக் காட்டு மூங்கிலை டன்னுக்கு ஒரு ரூபாய் என்று அரசு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. கூடை முடைகிறவர் சந்தையில் ஒரு மூங்கிலை வாங்கக் கொடுத்த விலை அதுவா? மூங்கிலும் புல் வகைதான். புல்லின் மேல் ஆலை கண்வைத்தால் எப்படி விலை போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஓர் ஆய்வுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். மேடையில் இருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்: "அம்மா, இப்பதான் எல்லார் வீட்லயும் காஸ் வந்துடுச்சே. இன்னுமா பெண்கள் புகையில கஷ்டப்படணும்?" அரங்கில் கைதட்டல். இந்தப் பதிலை இனியும் பல இடங்களில் கேட்பேன் என்று தெரியும். அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

புகையை நான் போற்றவில்லை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. என் அம்மா ஊதுகுழல் பிடித்து ஊதி ஊதி இருமியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அடுப்பு மாறட்டும், நாளைக்கே மாறட்டும். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, 2016இல் உஜ்வாலா திட்டம் தொடங்கியபிறகும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நாட்டில் 58.6 விழுக்காடுதான். இணைப்பு இருப்பது வேறு, மாதாமாதம் உருளை வாங்கக் கையில் காசு இருப்பது வேறு. சமையலுக்கு காஸ், குளிக்க வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகு என்று பல வீடுகள் ஓடுகின்றன. இரண்டு, அவள் விறகை எரிக்க வேண்டாம் என்றால் சரி, விற்கலாமே? அவளுக்கு அடுப்பில் வேண்டாதது ஆலைக்கு வேண்டியிருக்கிறது என்றால், விற்கும் உரிமை அவளுக்கு ஏன் இல்லை? அவள் உடல்நலத்தின் மேல் அக்கறை பொங்குகிறவர்கள், அவள் கைக்கு வரும் காசைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் மௌனமாகிறார்கள்?

ஏரிக்குள் இறங்குவது யார் என்பதில் சாதி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஏரிப் பாசனத்தை நிர்வகிக்க 2000ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்போரின் சங்கம். நாட்டில் சாகுபடி நிலப்பிடிகளில் பெண்கள் பெயரில் நடப்பவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சுமார் 14 விழுக்காடு. தலித் பெண்ணுக்கு அதிலும் ஓரத்துண்டுதான் மிஞ்சும். ஆக ஏரியில் நீர் நின்றால் பேச உரிமை உள்ளவன் கரைமேல் நிற்கிறான். ஏரியில் புல் நின்றால் அறுக்கிறவள் உள்ளே நிற்கிறாள், அவளுக்கு அந்தச் சங்கத்தில் நாற்காலி இல்லை. 'சமூகப் பங்கேற்பு' என்று திட்டத்தில் எழுதி, அந்தச் சங்கத்திடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் ஊரே சம்மதித்ததாகக் கணக்கு.

இதற்கு மாற்று இல்லையா? சின்னசேலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலை தெரிகிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உண்டு. மூங்கில், புதர், அடிக்கட்டை, பிரம்பு, தேன் எல்லாவற்றையும் சிறு வனமகசூல் என்று வரையறுத்து, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை, உடைமை உரிமையே, மக்களுக்கு என்கிறது அந்தச் சட்டம். நில உரிமைப் பட்டயம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் எவ்வளவு இழுத்தடிப்பு என்பதை மலைமேல் போய்க் கேட்டால் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கிறது, அதைக் கையில் வைத்துச் சண்டை போடலாம். மலையடிவாரத்து ஏரியில் கோரை அறுப்பவளுக்கு அந்த எழுத்துகூடக் கிடையாது. மூங்கிலைச் சட்டம் நெடுங்காலம் மரம் என்றது. 2017இல்தான் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று திருத்தினார்கள். ஒரு புல்லை எந்தப் பெயரில் அழைக்கிறோம் என்பதை வைத்து அதை வெட்டுகிறவர் குற்றவாளியா உரிமையாளரா என்பது மாறுமென்றால், கோரைக்கும் சம்புக்கும் நமக்கு வேண்டிய பெயரைக் கேட்டு வாங்கலாம்.

எனவே கேட்கிறேன். ஏரியிலோ கழிமுகத்திலோ கோரை, சம்பு, நாணல், கருவேலம் அறுத்து எரிபொருளாக்கும் எந்தத் திட்டமும், அங்கே இப்போது யார் அறுக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டுப் பட்டியல் எடுத்த பிறகே தொடங்க வேண்டும். குடும்பத் தலைவரிடம் கேட்டால் போதாது. அறுக்கும் முதல் உரிமை அந்தப் பட்டியலில் உள்ள பெண்களின் குழுவுக்கு. முன்பணம் கட்டும் ஏலம் அவர்களுக்குக் கூடாது. காய்ந்த எடைக்கு டன் விலை, அறுக்கும் வேலைக்குத் தனியாகச் சட்டப்படியான கூலி. ஏரியையும் கடலையும் சுத்தப்படுத்தும் வேலைக்கு அதன்மேல் ஒரு பங்கு. முட்டளவு காலணியும் கையுறையும் மருத்துவச் செலவும் திட்டத்தின் செலவுக் கணக்கில். இயந்திரம் வரட்டும், ஆனால் அது அந்தக் குழுவின் பெயரில் வரட்டும், ஓட்டவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

முழு ஏரியையும் மொட்டையடிக்கவும் கூடாது. தாழைக்கோழியும் நீர்க்கோழியும் சம்புக்குள்தான் கூடு கட்டுகின்றன. ஒரு பக்கம் அறுத்தால் மறு பக்கத்தை அந்த வருடம் விட்டுவைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். மறு வருடமும் தங்களுக்குப் புல் வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த பழக்கம் அது. டன் கணக்கில் ஒப்பந்தம் போட்டவனுக்கு மறு வருடம் வேறு ஏரி இருக்கிறது. அவளுக்கு இந்த ஏரிதான் இருக்கிறது. சூழல் மேலாண்மைக்குத் தகுதி எது என்று யாராவது கேட்டால், இந்த ஒரு தகுதியைத்தான் முதலில் சொல்வேன்.

குறியீடு 93ஐத் திருத்துவது டெல்லியில் நடக்க வேண்டிய வேலை. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராமசபையில் ஏரி ஏலம் என்ற பேச்சு எழும்போது, அந்த ஏரியில் இறங்கிய பெண்கள் ஒன்றாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். எத்தனை கட்டு, எத்தனை நாள், எத்தனை வருடம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.